விமானத் தூரம் ஒன்றுதான், பயண நேரம் மட்டும் ஏன் பல?

இரண்டு நகரங்களுக்கு இடையே விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் இடத்துக்கு ஓர் எண் வருகிறது. தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்தாலும் பயணச்சீட்டில் உள்ள நேரம் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, போவதற்கு ஒரு நேரமும் திரும்பி வருவதற்கு வேறொரு நேரமும் போட்டிருக்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், தூரம் வடிவக்கணிதத்தின் விடை, அது நேற்றும் இன்றும் ஒன்றே. நேரமோ அன்றைய காற்று, திறந்திருக்கும் வான்வெளி, ஓடுபாதையில் நிற்கும் வரிசை, விமான நிறுவனம் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிமிடங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து உண்டாக்குவது. முதலாவதை வைத்து இரண்டாவதைக் கண்டுபிடிக்க முயலும்போதுதான் கணக்கு இடிக்கிறது. லண்டன் – நியூயார்க் வழியை எடுத்துக்கொண்டு விளக்கினால் எளிதாக இருக்கும். உலகில் இவ்வளவு அலசப்பட்ட விமான வழி வேறு இல்லை என்றே சொல்லலாம்.

முதலில் தூரம். உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை ஊடுருவிச் செல்லும் ஒரு தளம் மேற்பரப்பை வெட்டும் கோட்டில் அமைகிறது. இதைப் பெருவட்டம் என்கிறோம். விமானத் தூரம் என்று எங்கே போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் இந்தப் பெருவட்டத் தூரம்தான். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு 51.47 பாகை, மேற்கு 0.46 பாகையில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78 பாகையில். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் ஏறத்தாழ 0.5095, அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வேறுபாடான 73.32 பாகையின் கோசைனாலும் பெருக்கினால் 0.1357, இரண்டையும் கூட்டினால் 0.6452. இதைக் கோசைன் மதிப்பாகக் கொண்ட கோணம் 49.82 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் பெருவட்டத்தில் ஒரு பாகை 111.2 கி.மீ. ஆகிறது, பெருக்கினால் 5,540 கி.மீ. பள்ளிக்கூடத்துக் கோணவியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

இந்த வழியைத் தட்டையான உலகப் படத்தில் வரைந்தால் வடக்கு நோக்கி வளைந்து தெரியும். விமானி வேண்டுமென்றே சுற்றிப் போகிறார் என்று பலர் நினைப்பதற்கு இந்தப் படம்தான் காரணம். நியூயார்க் ஏறத்தாழ ஸ்பெயின் நாட்டு மாட்ரிட்டின் அட்சரேகையில், அதாவது லண்டனுக்கு நன்றாகத் தெற்கே இருக்கிறது. ஆனாலும் பெருவட்டம் லண்டனிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, அயர்லாந்தின் மேலாக 53 பாகையைத் தாண்டிய பிறகே தெற்கே இறங்கத் தொடங்குகிறது. சுவரில் மாட்டும் வழக்கமான தட்டை உலகப் படத்தில் (மெர்க்கேட்டர் படம்) அளவுகோல் வைத்து வரையும் நேர்கோட்டின்படி போனால் 5,540-க்குப் பதிலாக ஏறத்தாழ 5,760 கி.மீ. பறக்க வேண்டியிருக்கும், நேராகத் தெரியும் கோடு 220 கி.மீ. கூடுதல் நீளமானது. ஐயமிருந்தால் ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். நூல் தானாகவே வடக்கே நகர்ந்துகொள்ளும்.

அப்படியானால் ஓரிடத்தில் 5,540 என்றும் இன்னோரிடத்தில் 5,555-ஐ ஒட்டியும் காட்டுவது ஏன்? பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. உருண்டை என்று கொண்டு போடும் கணக்குக்கும் தட்டையான நீள்வட்ட உருவைக் கொண்டு போடும் கணக்குக்கும் அரை விழுக்காடு வரை வேறுபாடு வரலாம். இந்த வழியில் அது 15 கி.மீ. அளவில் இருக்கிறது. இரண்டும் தவறல்ல. இதைவிடப் பெரிய குழப்பம் அலகுகளில்தான் வருகிறது. 5,540 கி.மீ. என்பது சாதாரண மைலில் 3,442. விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் 2,991. கடல் மைல் என்பது 1,852 மீட்டர், அதாவது ஏறத்தாழ அட்சரேகையின் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவு. அதை அறியாமல் 2,991-ஐச் சாதாரண மைல் என்று எண்ணிக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 4,813 என்று வந்து, கணக்கில் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும். மூன்றாவது காரணம், நகரத்தின் மையத்திலிருந்து அளப்பதா, விமான நிலையத்திலிருந்து அளப்பதா என்பது. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஹனேடாவோ நகரத்தை ஒட்டியே இருக்கிறது. விமானம் பறக்கும் உயரத்தால் தூரம் கூடுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கூடும்தான், ஆனால் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் 5,540-உடன் சேர்வது 10 கி.மீ. கூட இல்லை.

நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தூரத்தைக் கால்குலேட்டர் இல்லாமலே போட்டுவிடலாம் என்பதை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறத்தாழ 178 பாகை விலகியிருக்கின்றன. ஒன்று பூமியின் இந்தப் பக்கம் என்றால் மற்றது நேர் எதிர்ப்பக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. நியூயார்க் துருவத்திலிருந்து 49 பாகைக்குச் சற்றே மேல், சிங்கப்பூர் 89 பாகைக்குச் சற்றுக் குறைவு, கூட்டினால் 138. அதை 111.2 கொண்டு பெருக்கினால் 15,345 கி.மீ. விமான நிலையங்களுக்கு இடையே வெளியிடப்படும் தூரம் 15,349 கி.மீ. இது இப்போது பறக்கும் வழிகளிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. ஏர்பஸ் ஏ350 விமானத்தின் நெடுந்தொலைவு வகையில் 18 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. ஆனால் விமானம் நாள்தோறும் துருவத்தின் வழியாகவே போகும் என்று எண்ணிவிடக் கூடாது. காற்று எந்தப் பக்கம் சாதகமாக இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பசிபிக் பக்கமாகவோ அட்லாண்டிக், ஐரோப்பா பக்கமாகவோ போவதும் உண்டு. பூமியை ஏறத்தாழப் பாதி சுற்றும் வழியில், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் பெரிதாக மாறுவதில்லை, காற்று மாறுகிறது.

பெருவட்டம் என்பது கீழ் எல்லை. நிஜத்தில் பறக்கும் வழி அதைவிடச் சற்றே நீளமாகத்தான் இருக்கும். ஓடுபாதை எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையில்தான் கிளம்ப வேண்டும். ராணுவப் பகுதிகளையும் இடிமேகங்களையும் விலக்கிச் செல்ல வேண்டும். திபெத்தியப் பீடபூமியின் மேலே விமானங்கள் அரிதாகப் பறப்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால் பயணிகளின் முகமூடியில் ஆக்சிஜன் தீர்வதற்குள் விமானம் 3,000 மீட்டர் அளவுக்கு இறங்கியாக வேண்டும்; அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரட்டை எஞ்சின் விமானங்கள் ஓர் எஞ்சின் நின்றால் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவதொரு விமான நிலையத்தை அடையும்படி வழி வகுக்க வேண்டும் என்ற விதியும் ஒரு காலத்தில் வழிகளை வெகுவாக வளைத்தது. 1985 வரை அந்த வரம்பு பொதுவாக 60 நிமிடம். புதிய விமானங்களுக்கு ஐந்தாறு மணி நேரம் வரை அனுமதி கிடைத்த பிறகு, வளைவு பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் விடத் தூரத்தை நீட்டுவது அரசியல். ஹெல்சின்கி – டோக்கியோ பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 7,800 கி.மீ.; ரஷ்யாவின் மேலாக ஒன்பது மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், அதே பயணம் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ ஏறத்தாழ 13 மணி நேரப் பயணமாகிவிட்டது. நகரங்கள் நகரவில்லை, தூரம் என்று தேடினால் இன்றும் அதே 7,800 தான் வரும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சீன நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஐரோப்பிய நகரம் ஒன்றிலிருந்து பெய்ஜிங்குக்கு ஒரே நாளில், ஒரே வகை விமானத்தில் கிளம்பினாலும், எந்த நிறுவனத்தின் விமானம் என்பதைப் பொறுத்துப் பயண நேரம் மாறும். நகரங்களின் பெயரை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி நேரம். பெரிய ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கின்றன. சிறிய ஏ320, போயிங் 737 போன்றவை 0.78 அளவில். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 56 பாகை இருப்பதால் ஒலியின் வேகமே அங்கே மணிக்கு 1,062 கி.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது, 0.85 பங்கு என்றால் ஏறத்தாழ 900 கி.மீ. இதை வைத்து 5,540-ஐ வகுத்தால் 6 மணி 9 நிமிடம் வருகிறது. அட்டவணையிலோ லண்டனிலிருந்து போவதற்கு ஏறத்தாழ 8 மணி, திரும்ப 7 மணி என்று இருக்கிறது. காரணம், அந்த 900 என்பது காற்றைச் சார்ந்த வேகம். தரையைச் சார்ந்தது அல்ல. விமானம் நீந்தும் காற்றே ஓர் ஆறாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் இந்தக் காற்றாறு நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. சில நூறு கிலோமீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் தடிமனும் உடையது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டால் பிறப்பதால், அந்த வேறுபாடு மிகும் குளிர்காலத்தில் இது வலுக்கிறது. இதை 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஒய்ஷி. உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று தம் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் 1926-இல் வெளியிட்டார், உலகம் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை நோக்கிப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்பாராத அந்த வேகக் காற்றில் திணறிய பிறகே பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

சராசரியாக மணிக்கு 80 கி.மீ. காற்று என்று மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்போம். மேற்கே போகும்போது தரை வேகம் 820 ஆகிப் பறக்கும் நேரம் 6 மணி 45 நிமிடமாகிறது. கிழக்கே வரும்போது 980 ஆகி 5 மணி 39 நிமிடமாகிறது. ஒரு மணி நேர வித்தியாசம் இங்கேயே வந்துவிட்டது. வட அட்லாண்டிக் கடலுக்கு மேலே பறக்கும் தடங்களைக் கனடாவின் கேண்டர் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையமும் பிரிட்டன் பக்கத்து ஷான்விக் நிலையமும் அன்றன்றைய காற்றைப் பார்த்து நாள்தோறும் புதிதாக வகுக்கின்றன. கிழக்கே போகும் விமானங்கள் காற்றாற்றில் ஏறிக்கொள்ளவும், மேற்கே போகும் விமானங்கள் அதிலிருந்து விலகிச் செல்லவும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஒரு கட்டத்தில் அதன் தரை வேகம் 1,327 கி.மீ.யைத் தொட்டது. இருக்கைக்கு எதிரே உள்ள திரையில் அப்படியோர் எண்ணைப் பார்ப்பவர்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதாக எண்ணுவது இயல்பு. விமானம் தாண்டவில்லை, தன்னைச் சுற்றியுள்ள காற்றில் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. உண்மையாகவே தாண்டிய பயணிகள் விமானமான கான்கார்ட், 1996 பிப்ரவரி 7 அன்று இதே வழியை 2 மணி 53 நிமிடத்துக்குள் முடித்தது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வந்து சேரும், கிழக்கே போனால் ஊர் விலகி ஓடும் என்றொரு விளக்கம் அடிக்கடி காதில் விழும். அது சரியென்றால் மேற்குப் பயணம்தான் குறைந்த நேரம் எடுக்க வேண்டும். நடப்பது நேர் எதிர். காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. சுழற்சிக்கு இதில் உள்ள பங்கு, காற்றாற்றின் போக்கைத் திருப்பிவிடுவது மட்டுமே. போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்பதும் சரியல்ல. 5,400 கி.மீ. தூரத்தை 900 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் போய்வர 12 மணி நேரம். 100 கி.மீ. காற்று இருந்தால் எதிர்க்காற்றில் 6 மணி 45 நிமிடம், பின்காற்றில் 5 மணி 24 நிமிடம். மொத்தம் 12 மணி 9 நிமிடம். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் சிக்கிக்கொள்வதால், போய்வரும் கணக்கில் காற்று எப்போதும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது.

அடுத்து, பயணச்சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரமே அல்ல. கேட்டிலிருந்து விமானம் பின்னே நகரும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரின் கேட்டில் நிற்கும் கணம் வரை எண்ணுவார்கள். விமானத் துறையில் இதைப் பிளாக் டைம் என்கிறார்கள். ஓடுபாதைக்கு உருண்டு செல்வது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது, இறங்க இடமில்லாமல் ஹீத்ரோவுக்கு வெளியே உள்ள நான்கு காத்திருப்பு வட்டங்களில் ஒன்றில் சுற்றுவது எல்லாம் இதில் அடக்கம். இவற்றின் மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் சேர்த்து அட்டவணை போடுகின்றன. அட்டவணை நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரம் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கணக்கில் வைக்கிறது. அந்தப் பட்டியலில் நல்ல இடம் பிடிக்க, அட்டவணையை இளக்கமாகப் போடுவதே மலிவான வழி. தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்கு முன்பே வந்து இறங்கும் அதிசயத்தின் ரகசியம் பல நாட்களில் இவ்வளவுதான்.

ஆகவே உத்தேசமாக ஒரு நேரம் வேண்டுமென்றால், கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அதனுடன் 40 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 450 கி.மீ. உள்ள தென் கொரியாவின் சியோல் – ஜேஜு வழிக்கு இது 72 நிமிடம் தருகிறது. அட்டவணையில் 70 நிமிட அளவில் இருக்கிறது. 15,349 கி.மீ. வழிக்கு 18 மணி 43 நிமிடம் தருகிறது, அதுவும் பொருந்துகிறது. நடு அட்சரேகைகளில் மேற்கு நோக்கிய நெடும்பயணம் என்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். குறுகிய வழிகளில் அந்த 40 நிமிடமே பெரும்பகுதி என்பதால், தூரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை. இதற்கு விதிவிலக்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வழி; 2.7 கி.மீ. தூரம், அட்டவணைப்படி 2 நிமிடம், சாதனை 53 விநாடி.

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்து நேரம் கண்டுபிடிப்பவர்கள், இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே பாதுகாப்பானது. சிங்கப்பூரில் இரவு 11.15-க்குக் கிளம்பும் விமானம் லண்டனில் மறுநாள் காலை 5.30-க்குச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னே இருப்பதால் கிளம்பியது பொது நேரப்படி பிற்பகல் 3.15, குளிர்கால லண்டன் பொது நேரத்திலேயே இருப்பதால் பயணம் 14 மணி 15 நிமிடம். கோடைக்காலத்தில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், அதே விமானம் 6.30-க்குச் சேர்ந்தாலும் பயண நேரம் கூடவில்லை. ஜனவரியில் ஆக்லாந்தில் இரவு 8 மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டு மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினால், அங்கே அதே தேதியின் காலை 11 மணி. தேதிக்கோட்டைத் தாண்டியதால் கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்தாகிவிட்டது.

இடைநிறுத்தம் உள்ள பயணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டைரக்ட் என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. ஒரே விமான எண்ணில் நடுவே ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அது டைரக்ட்தான்; எங்கும் இறங்காமல் போவதுதான் நான்ஸ்டாப். ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் சிட்னி – லண்டன் விமானம் ஒரே எண்ணுடன் சிங்கப்பூரில் இறங்கிப் போகிறது. சிட்னி – லண்டன் நேர் தூரம் ஏறத்தாழ 17,000 கி.மீ.; சிங்கப்பூர் வழியாகப் போனால் 6,300-உம் 10,880-உம் சேர்ந்து 17,180. தூரத்தில் சேர்வது நூற்றுக்கு ஒரு பங்குதான். ஆனால் இறங்கி, எரிபொருள் நிரப்பி, மீண்டும் வரிசையில் நின்று ஏறுவதில் மட்டும் சில மணி நேரம் போய்விடுவதால் மொத்தப் பயணம் ஒரு நாளை ஒட்டி வருகிறது. அதே நிறுவனம் நடுவில் இறங்காமல் ஏ350 விமானத்தில் போவதற்குத் திட்டமிட்டிருக்கும் பயணம் 20 மணி நேர அளவிலானது. அந்தச் சில மணி நேர மிச்சத்தில் தூரத்தின் பங்கு மிகச் சிறியது. பெரும்பகுதி தரையில் மிச்சமாவது.